கர்ப்பிணியின் சூழலைக் கேட்டறிவது எப்படி: முதல் சந்திப்பிலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய ஆறாவது வாரம் வரை

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் இருக்கும். அடுத்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் அதே இடத்தில் நிற்கும். மாத்திரை வேலை செய்யவில்லையா, அல்லது வயிற்றுக்குள் போகவே இல்லையா? இதற்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது. அந்தப் பெண் எப்போது சாப்பிடுகிறார், மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார், அதைப் பற்றி வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

பேறுகாலத்தில் பெண்கள் இறப்பதற்கான உடனடிக் காரணங்கள் உலகெங்கும் பெரும்பாலும் இவைதாம்: அதிக உதிரப்போக்கு, உயர் ரத்த அழுத்தமும் அதையொட்டி வரும் வலிப்பும், நோய்த்தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு. 2023இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இப்படி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தரத்துக்குக் கீழே உள்ள நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். சிக்கல் எல்லோருக்கும் வரலாம். அதிலிருந்து யார் மீள்கிறார் என்பதைத் தூரம், பணம், படிப்பு, வீட்டில் யார் சொல் எடுபடுகிறது என்பவை தீர்மானிக்கின்றன. எல்லாமே பணம்தான் என்று முடிவுகட்டவும் முடியாது. அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகம். வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது அது காதில் விழுகிறதா என்பதும் சமூகச் சூழலில் அடக்கம்.

கர்ப்பிணிகளைச் சந்திக்கும் செவிலியர், களப்பணியாளர், தன்னார்வலர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. குடும்பத்தினரும் படிக்கலாம், குறிப்பாகப் பயணத் திட்டம் பற்றிய பகுதியை. ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், பதில் எதுவாக இருந்தாலும், அடுத்து செய்ய ஒரு காரியம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது. வீட்டு நிலவரத்தை மனம்விட்டுச் சொல்லி, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ட பெண் அடுத்த முறை ரத்த அழுத்தம் பார்க்கக்கூட வரமாட்டார்.

கேட்பதற்கு முன்

முதலில் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். உணவு உதவி, பணிச்சட்ட ஆலோசனை, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான தங்குமிடம், மனநல மருத்துவர், இரவு ஊர்தி ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், கேட்கும் ஆவணங்கள், அங்கே உண்மையில் பேசக்கூடிய ஒருவரின் பெயர் ஆகிய நான்கையும் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அந்த எண்களை அழைத்துப் பாருங்கள். ஓராண்டு பழைய பட்டியலில் சில எண்களாவது எடுக்கப்படாமல் இருக்கும். அதைக் கர்ப்பிணி கண்டுபிடிப்பதைவிட நீங்கள் கண்டுபிடிப்பது மேல்.

அடுத்தது தனிமை. மாமியாரோ கணவரோ தாயோ பக்கத்தில் இருக்கும்போது கிடைக்கும் பதில் அவர்களுக்கான பதில். "எங்க வழக்கப்படி எல்லாரையும் முதல்ல பத்து நிமிஷம் தனியா பார்ப்போம், அப்புறம் உங்களையும் கூப்பிடுறோம்" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவரை மட்டும் தனியே அழைத்தால், வீட்டுக்குப் போனதும் அவரிடம்தான் விசாரணை நடக்கும். அப்படியும் தனிமை வாய்க்கவில்லை என்றால், எடை பார்க்கும்போதோ சிறுநீர் மாதிரி தரக் கூட்டிப்போகும்போதோ கிடைக்கும் சில நிமிடங்களைப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்புக்கு உறவினரை வைக்காதீர்கள்; பிள்ளைகளைக் கட்டாயம் வைக்காதீர்கள்.

எப்போது கேட்பது? உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த முறைப்படி கர்ப்பகாலத்தில் எட்டுச் சந்திப்புகள் உண்டு: 12, 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு முடிக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது வாக்குமூலம் வாங்குவது போல ஆகிவிடும். உணவு, வேலை, தூரம் ஆகியவற்றை முதல் சந்திப்பில் கேளுங்கள். வன்முறையையும் மனநிலையையும் முதல் சந்திப்பில் மெல்லத் தொட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் சுருக்கமாகக் கேளுங்கள். 26 அல்லது 30ஆம் வாரத்தில் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். வேலை போயிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், கணவர் வெளியூர் போயிருக்கலாம். 12ஆம் வாரத்தில் எழுதிய குறிப்பை நம்பி 36ஆம் வாரத்தில் திட்டம் போட முடியாது.

நேற்றைய நாளைக் கேளுங்கள்

"நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன்" என்றுதான் வரும். அதற்குப் பதிலாக, "நேத்து எழுந்ததுல இருந்து ராத்திரி படுத்த வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று கேளுங்கள். குறுக்கிடாமல் எழுதுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு வாரத்துக்கான தகவல் வந்துவிடும்: எத்தனை மணி நேரத் தூக்கம், முதல் வேளை உணவு எப்போது, எவ்வளவு நேரம் நின்றார், எவ்வளவு சுமந்தார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு எது, பகலில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போக முடிந்தது.

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் அதுதான் அதிகம் வெளிக்கொணர்வது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லை அல்லது மேற்பார்வையாளர் விடமாட்டார் என்றால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார். கர்ப்பிணிகளில் 100க்கு 2 முதல் 10 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது சிறுநீரகம்வரை ஏறி, காய்ச்சலும் குறைப்பிரசவமுமாக முடியும். ஆகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்ணுக்கு "நிறைய தண்ணி குடிங்க" என்ற அறிவுரையோடு நிறுத்தாதீர்கள். சிறுநீர்க் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்துவிட்டு, வேலையிடத்துக்கான கடிதத்தில் கழிப்பறை இடைவேளையையும் சேருங்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

உணவுக்கு இரண்டு நேரடிக் கேள்விகள் போதும். "போன மாசத்துல சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துபோயிடுமோன்னு கவலைப்பட்டது உண்டா?" "தீர்ந்துபோய், வாங்கக் காசு இல்லாம இருந்தது உண்டா?" ஒன்றுக்கு ஆம் என்றாலும் உணவு உதவிக்கு அனுப்புங்கள். மூன்றாவதாக ஒன்று கேட்கலாம்: "வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவீங்களா, கூடவேவா?" வீட்டில் உணவு போதுமான அளவு இருந்தும் கடைசியில் உட்காரும் பெண்ணுக்குப் புரதம் எஞ்சாது. இங்கே பேச வேண்டிய ஆள் அவர் அல்ல, பரிமாறுகிறவரும் முதலில் சாப்பிடுகிறவரும். அவருடைய சம்மதத்தோடு அவர்களை அழைத்து, எடை அட்டையைக் காட்டிப் பேசுங்கள். கர்ப்பத்துக்கு முன் இயல்பான எடையில் இருந்தவருக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோவும், எடை குறைவாக இருந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோவும் கூடுவது விரும்பத்தக்கது. குடும்பத்தாரிடம் எண்ணைக் காட்டும்போது வாக்குவாதம் குறைகிறது. "ஒழுங்காச் சாப்பாடு போடுங்க" என்றால் அது குற்றச்சாட்டு. "இந்த மாதம் இரண்டு கிலோ ஏறியிருக்க வேண்டும், அரைக் கிலோதான் ஏறியிருக்கிறது" என்றால் தகவல்.

பசி எந்த மாதத்தில் வருகிறது என்பதும் முக்கியம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் போர் முற்றுகையால் பஞ்சம் வந்தபோது ஒரு நாள் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே போனது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதில் சிக்கியவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் சிக்கியவர்களின் குழந்தைகள் ஏறக்குறைய இயல்பான எடையில் பிறந்தன. ஆனால் பெரியவர்களான பின் அவர்களிடையே இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. பிறப்பு எடை, எடைக்குறைவுக்கான எல்லையான 2,500 கிராமைத் தாண்டியதால் எல்லாம் சரி என்று முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

மாத்திரை ஏன் மிஞ்சுகிறது

கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது. அன்றாட அளவு 30 முதல் 60 மி.கி. இரும்புச்சத்தும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, மீதி மாத்திரை எத்தனை என்பது. அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள். திட்டுவதற்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நிறைய பேருக்கு இதை தினமும் போடுறது கஷ்டமாத்தான் இருக்கு. உங்களுக்கு எப்படி?"

வரும் காரணங்கள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும். குமட்டல் என்றால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறைந்தாலும், போடாமல் இருப்பதைவிட மேல். மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம் என்றால், அது இயல்புதான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடியுங்கள். குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருந்தால், சொன்னவரைக் கூப்பிட்டுப் பேசாமல் அது தீராது. தேநீர், காபியோடு அல்லது கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறார் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்துபோய், வாங்க வர ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது என்றால் அது அவருடைய பிரச்சினையே இல்லை, உங்களுடையது: இரண்டு மாதத்துக்கானதை ஒரே தடவையில் கொடுங்கள்.

பதிவேட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின் அடுத்து வரும் செவிலியர் எதையும் கேட்கமாட்டார். "மாத்திரை வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, 60 மாத்திரை ஒன்றாகத் தரப்பட்டது" என்று எழுதினால் காரணமும் தீர்வும் ஒரே வரியில் வந்துவிடும்.

வேலை, புகை, வெப்பம்

"ஓய்வு எடுங்க" என்பது, ஓய்வு எடுக்க முடியாதவருக்குச் சொல்லப்படும்போது வெறும் சத்தம். தொடர்ந்து பல மணி நேரம் நிற்பது, பாரம் தூக்குவது, இரவு முறைப்பணி, கடும் வெப்பம், பூச்சிக்கொல்லி, ஈயம், கரைப்பான் ஆவி ஆகியவற்றில் எது இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு வேலையிடத்துக்கு மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள்.

"இலகுவான வேலை தரவும்" என்று எழுதிய கடிதத்தை மேலாளர் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. செய்யவில்லை என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. கடிதம் இப்படி இருக்கட்டும்: இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, உட்கார இருக்கை வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை, எப்போது கேட்டாலும் கழிப்பறைக்கு அனுமதி, இரவுப்பணி இந்தத் தேதி முதல் கூடாது. எண், தேதி, கையொப்பம் மூன்றும் இருந்தால் பேச்சுவார்த்தைக்குப் பிடிப்பு கிடைக்கும். ஆனால் கடிதத்தைக் கொடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள்: "இதைக் கொடுத்தா வேலைக்கு ஆபத்து வருமா?" வரும் என்றால் முதலில் சட்ட ஆலோசனை, பிறகு கடிதம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டின் 183ஆம் உடன்படிக்கை குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பையும், அதில் பிரசவத்துக்குப் பின் 6 வாரக் கட்டாய விடுப்பையும் சொல்கிறது. கர்ப்பத்தைக் காரணமாக வைத்துப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. முறைசாரா வேலையில் இருப்பவர்களுக்கு அது எட்டுவதும் அரிது. எனவே உள்ளூர்ச் சட்டம் என்ன என்பதை உங்கள் ஒரு பக்கத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

புகையைப் பொறுத்தவரை, அவர் புகைக்கிறாரா என்பதோடு வீட்டில் யார் எங்கே புகைக்கிறார்கள், அடுப்பு விறகா, அடுப்பங்கரையில் காற்று வெளியேற வழி உண்டா என்றும் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. பிறப்பு எடையும் குறைகிறது. அடுப்பை மாற்ற முடியாத வீட்டில் அடுப்பை வெளியே நகர்த்துவது, ஈர விறகைத் தவிர்ப்பது, சமையலை வேறொருவர் பகிர்ந்துகொள்வது ஆகியவை உடனே செய்யக்கூடியவை.

அச்சமும் வன்முறையும்

நீண்டகாலக் கவலை உடலுக்குள் போகும் பாதை ஓரளவு தெரிந்ததுதான். தாயின் ரத்தத்தில் உள்ள கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோனை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பெருமளவு செயலிழக்கச் செய்து குழந்தையைக் காக்கிறது. அழுத்தம் ஓயாமல் தொடரும்போது அந்தக் காப்பு பலவீனமாகலாம். பிரசவ நேரத்தை நிர்ணயிப்பதில் பங்குள்ள ஹார்மோன்களை நஞ்சுக்கொடி முன்கூட்டியே அதிகமாகச் சுரப்பது குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது. இதைக் கர்ப்பிணியிடம் "கவலைப்படாதீங்க, குழந்தைக்கு ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருக்கும் கவலையோடு இன்னொரு கவலை சேரும், அவ்வளவுதான்.

வன்முறையைப் பற்றித் தனிமையில் மட்டுமே கேட்க வேண்டும். "கர்ப்பமா இருக்கும்போது சில பேருக்கு வீட்டுல பிரச்சினை கூடுறது உண்டு, அதனால எல்லார்கிட்டயும் கேக்கிறோம்" என்று தொடங்கி, "யாராவது உங்களை அடிச்சதோ, மிரட்டினதோ, பயப்பட வச்சதோ உண்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் வரிசை இது: குறுக்கிடாமல் கேளுங்கள்; இப்போது என்ன வேண்டும் என்று விசாரியுங்கள்; "இது உங்க தப்பு இல்ல" என்று சொல்லுங்கள்; இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று பாருங்கள்; உதவிக்கு வழி காட்டுங்கள். கழுத்தை நெரித்தது, ஆயுதம் காட்டியது, கொல்வேன் என்றது, அண்மையில் அடி அடிக்கடி விழுவது அல்லது கடுமையாவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் ஆளையே கொல்லக்கூடியவை. கர்ப்பிணி வீட்டுக்கு எடுத்துப்போகும் அட்டையில் இதை எழுதாதீர்கள். மருத்துவமனைக் கோப்பில் மட்டும் எழுதுங்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். வீட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். கணவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச முயலாதீர்கள். "விட்டுட்டு வந்துடுங்க" என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பிரிந்து வெளியேறும் நேரமே மிக ஆபத்தானது, எப்போது எப்படி என்பதை அவர்தான் கணிக்க முடியும். இல்லை என்று சொன்னால் நம்புங்கள், அடுத்த முறையும் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது முறையில் சொல்கிறவர்கள் உண்டு.

மனநிலைக்கு, மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாள் பயன்படும்: 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒன்றில் பூஜ்ஜியம் அல்லாமல் வேறு எது வந்தாலும், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவரை தனியே விடக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் கேட்கலாம், அதுவும் தனிமையில்.

பயணத் திட்டம்

சிக்கல் தொடங்கியதிலிருந்து, சிகிச்சை கிடைக்காவிட்டால் இறப்புவரை சராசரியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு மதிப்பீடு உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்கு 2 மணி நேரம். முந்தைய உதிரப்போக்குக்கு 12 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்தால் 1 நாள். வலிப்புக்கு 2 நாள். பிரசவம் தடைப்பட்டால் 3 நாள். நோய்த்தொற்றுக்கு 6 நாள். இந்த எண்களை வீட்டிலிருந்து அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் மருத்துவமனைக்கான இரவுப் பயண நேரத்தோடு ஒப்பிடுங்கள். பகல் நேரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், மழைக்காலத்தையும் சேருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாத வீடு என்றால், 38ஆம் வாரத்திலிருந்து மருத்துவமனைக்கு அருகில் தங்க ஏற்பாடு செய்வது பற்றி 30ஆம் வாரத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

செரீன் தடியஸ், டெபரா மெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் இந்தத் தாமதங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பலரும் இரண்டாவதற்கு மட்டும் திட்டம் போட்டு, வண்டி எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முதல் தாமதத்தை உடைக்கும் வழி முன்கூட்டியே அனுமதி வாங்கி வைப்பது. வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று கண்டுபிடித்து, 30ஆம் வாரத்தில் அவரையும் கர்ப்பிணியையும் இன்னும் ஒரு மூத்தவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆபத்து அறிகுறிகளை வாசியுங்கள்: உதிரம் போவது, விடாத கடும் தலைவலி, பார்வை மங்குவது, மேல்வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, மூச்சுத்திணறல். பிறகு முடிவெடுப்பவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்: "இதுல எது வந்தாலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கிளம்பிடுங்க." எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்கு எடை உண்டு. அவர் ஊரில் இல்லாதபோது, தொலைபேசியை எடுக்காதபோது, அந்த ஒரு வாக்கியம்தான் வண்டியைக் கிளப்பும்.

இரண்டாவது தாமதத்துக்கு ஒரு ஊர்தி போதாது, இரண்டு வேண்டும். ஓட்டுநர் இரவில் தொலைபேசியை அணைத்துவிடுவாரா என்று கேளுங்கள். ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் அழைத்துச் சோதித்துப் பாருங்கள். பணம் கர்ப்பிணியே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்; கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருப்பது இரவு இரண்டு மணிக்கு உதவாது. அவருடைய ரத்தப் பிரிவுக்கு ஏற்ற இருவரை முன்பே பேசி வையுங்கள். மூத்த குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்: வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருப்பதற்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்பது திட்டம் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தோன்றுவதே இல்லை.

மூன்றாவது தாமதத்துக்கு, கூடப் போகிறவர் என்ன பேச வேண்டும் என்பதை ஒத்திகை பாருங்கள். "ரொம்ப முடியலை, சீக்கிரம் பாருங்க" என்றால் காத்திருக்கச் சொல்வார்கள். "34 வாரம். காலை ஆறு மணியிலிருந்து தலைவலி, கண் மங்குது. ஒரு மணி நேரம் முன்னாடி ரத்த அழுத்தம் 160க்கு 110" என்றால் எழுந்து வருவார்கள். 140க்கு 90 என்றால் கவனிக்க வேண்டியது, 160க்கு 110 என்றால் அவசரம் என்று துணைக்கு வருபவருக்கும் தெரிந்திருக்கட்டும். பிரசவத்தின்போது பெண் விரும்பிய ஒருவர் உடன் இருப்பது இயல்பான பிரசவத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. உடன் இருப்பவர்தான் உதிரப்போக்கை முதலில் கவனிப்பதும்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் எல்லாக் கண்களும் குழந்தைமேல் போய்விடுகின்றன. முதல் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருப்பது, பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒன்று, 7 முதல் 14 நாளுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று என்பது சந்திப்பு வரிசை. ஒவ்வொன்றிலும் தாயை முதலில் பாருங்கள், குழந்தையைப் பிறகு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் உதிரத்தால் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், தலைவலியோடு பார்வை மங்கினால் உடனே மருத்துவமனை. ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும் ஏறலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

"நேத்து எத்தனை மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினீங்க? உங்களுக்கு யார் சாப்பாடு எடுத்துட்டு வந்தாங்க?" என்ற இரண்டு கேள்விகள் வீட்டு உதவியின் உண்மை நிலையைச் சொல்லிவிடும். எடின்பரோ வினாத்தாளை ஆறாவது வாரத்தில் மறுபடி நிரப்புங்கள். குழந்தை இறந்து பிறந்தவர்களையும் குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் இருப்பவர்களையும் சந்திப்புப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள். குழந்தையின் அட்டையை வைத்துப் பட்டியல் போடும் இடங்களில் இவர்கள் பெயரே வராது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது 24 மாதமும், கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது 6 மாதமும் இடைவெளி விடுவது நல்லது. ஆனால் கருத்தடை முறையை முடிவுசெய்வது யார் என்று தெரியாமல் இந்த அறிவுரையைச் சொல்லிப் பயனில்லை. மற்றவர் கண்ணில் படாத முறையைக் கேட்கிறவருக்கு அதைத் தனியாகப் பேசிக் கொடுங்கள்.

பதில்களைச் சேர்த்துப் பாருங்கள்

இருபது முப்பது பேரிடம் கேட்டு முடித்ததும் பெயர்களை நீக்கிவிட்டு, காரணங்களை மட்டும் ஒரே தாளில் எழுதுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொருவரின் அலட்சியமாகத் தெரிந்தது, சேர்த்துப் பார்க்கும்போது மருத்துவமனையின் நேரமாகவோ பேருந்து இல்லாத பாதையாகவோ தெரியும். பாதிப் பேர் காலைக் கூலி வேலையால் வர முடியவில்லை என்றால் வாரம் ஒரு மாலை திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறப்பு எடையையும் இதே மாதிரி தூரம், தாயின் வயது, வேலைவகை வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பிரிவில் ஐந்தாறு குழந்தைகளே இருந்தால் அதிலிருந்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள், அடுத்த ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள்.

பெண்களே கூடிப் பேசும் குழு இதற்கு அடுத்த படி. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் அப்பகுதிப் பெண் ஒருவர் வழிநடத்த மாதம் ஒருமுறை கூடிய குழுக்கள், பிரச்சினைகளைத் தாங்களே வரிசைப்படுத்தி வழி தேடின. 2004இல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்த 28 நாளுக்குள் நேரும் குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. குழு தொடங்கும்போது முதல் கூட்டத்தில் உரை நிகழ்த்தாதீர்கள். உங்களிடம் உள்ள காரணத் தாளைப் படித்துக் காட்டி, எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடமே விடுங்கள். மாமியார்களையும் அழையுங்கள், ஆனால் முதலிரண்டு கூட்டங்களுக்குப் பிறகு. எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள், நடக்கவில்லை என்றாலும்.